சட்டம் கேளுங்கள்: பத்து மணி நேரம் நிற்காமலே காரைத் தூக்கலாமா?

கேள்வி: ஆஸ்பத்திரி வாசலை ஒட்டிக் காரை நிறுத்திவிட்டு மருந்து வாங்கப் போனேன். இருபது நிமிடத்தில் திரும்பினால் காரைக் காணோம். டோயிங் வண்டியில் இழுத்துப் போயிருந்தார்கள். நோ பார்க்கிங் பலகையும் அங்கே இல்லை. பத்து மணி நேரம் நின்றால்தான் தூக்கலாம் என்கிறார் என் மைத்துனர். முன் பம்பரில் கீறல் வேறு. பணம் கட்டியது தப்பா?
– வாசகர், திருச்சி

பதில்: மைத்துனர் பாதிதான் படித்திருக்கிறார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவில் பத்து மணி நேரம் வருவது உண்மை. ஆனால் அது பொது இடத்தில் கேட்பாரற்று விட்ட வண்டிக்கு. அதை ஒட்டியே ஓர் ‘அல்லது’ இருக்கிறது. நிறுத்தத் தடை உள்ள இடமென்றால் பத்து நிமிடமானாலும் தூக்கலாம், சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். பலகை இல்லை என்ற வாதமும் எடுபடாது. ஆஸ்பத்திரி வாசல், பஸ் ஸ்டாப் பக்கம் நிறுத்தக் கூடாது என்று 2017 ஓட்டுநர் விதிமுறைகளிலேயே இருக்கிறது.

அதே 127-ல் உங்களுக்குச் சாதகமான சொல்லும் ஒன்று உண்டு: சீருடை. அந்த எல்லைக்குரிய போலீஸ் அதிகாரி சீருடையில் இருந்து அனுமதி தர வேண்டும். கொக்கி மாட்டுகிற பையன்கள் தாங்களாக முடிவெடுக்க முடியாது.

டோயிங் செலவு உரிமையாளர் தலையில்தான், அபராதம் தனி. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தினால் 201-வது பிரிவில் 500 ரூபாய் வரை. ஆகவே கட்டியது தப்பில்லை. ரசீது வாங்கினீர்களா? அபராதமும் இழுவைக் கட்டணமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தப்பே செய்யவில்லை என்று நினைப்பவர், அபராதத்தை அங்கேயே கட்டாமல் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஆர்.சி. கேட்டால் டிஜிலாக்கரில் காட்டினாலே போதும்.

சரி, கீறல். என் பழைய மாருதியை ஒருமுறை தூக்கினார்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. முன்பக்கத்தைத் தூக்கி இழுத்ததில், பின் டயர்கள் தெருமுனை வரை தார் ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடு போட்டிருந்தன. டயர் ஓரிடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்து, அப்புறம் ஓட்டினாலே தடதடவென்றது. நல்லவேளை, கோட்டையும் டயரையும் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை இணைத்து எழுத்தில் புகார் கொடுத்த பிறகுதான் ‘உட்காருங்க சார்’ என்றார்கள்.

நீங்களும் ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதுவரை பம்பருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம்.