மாமிக்கு முன்னால் வாசித்த விசுவாசப் பிரமாணம்

வணக்கம் ஐயா,
எங்கள் லூத்தரன் சபையில் இந்த முறை பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதை நினைவுகூரும் திரித்துவ ஞாயிறு அன்று, சபை தன் நம்பிக்கையை அறிக்கையிடும் வாசகங்களில் ஒன்றான அத்தனாசியு விசுவாசப் பிரமாணம் வாசித்தோம். என் மாமி சைவம். பேரப்பிள்ளை பாடுவதைக் கேட்க ஆசையாக வந்திருந்தார். இந்த விசுவாசத்தைக் காத்துக்கொள்ளாதவன் என்றென்றைக்கும் கெட்டுப்போவான் என்று தொடக்கத்திலேயே சபை முழுக்கச் சத்தமாகச் சொன்னது. மாமி ஒன்றும் கதைக்கவில்லை. எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. இந்தக் காலத்தில் இது தேவையா? அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் போதாதா?
ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரி,

பேர்தான் அத்தனாசியு, எழுதியவர் அவர் அல்ல. அலெக்சாந்திரியாவின் ஆயரான அவர் 373இல் இறந்தவர், கிரேக்க மொழியில் எழுதியவர். இதுவோ லத்தீனில் பிறந்தது, நூறு வருடத்துக்கும் மேல் பிந்தி. இன்றைய பிரான்சின் தென்பகுதியில் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆனாலும் லூத்தரன்காரர் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. நம் அறிக்கைகளைச் சேர்த்து 1580இல் வெளியிட்ட தொகுப்பின் முன்வாசலிலேயே நிற்கும் மூன்று பிரமாணங்களில் இது ஒன்று.

அதற்காக வாராவாரம் வாசிக்கச் சொல்லவில்லை. அப்போஸ்தலருடையது ஞானஸ்நானத்தோடு வளர்ந்தது. என் அம்மம்மா தூக்கத்தில் எழுப்பினாலும் 'பொந்தியு பிலாத்து' வரை நிற்காமல் சொல்லுவார். திருவிருந்து நாளுக்கு நிசேயா விசுவாசப் பிரமாணம். இந்த மூன்றாவதுக்கு வருடத்தில் ஒரு ஞாயிறு போதும்.

அந்த ஒரு ஞாயிறையும் நாங்கள் ஒருமுறை கெடுத்திருக்கிறோம். நாற்பதுக்கு மேற்பட்ட வரிகள், எல்லாரும் ஒன்றாக, ஒரே மூச்சில். போட்டோ கொப்பியில் இரண்டாம் பக்கம் தலைகீழ். பாதியில் ஆண்கள் ஒரு வரி முன்னே ஓடிவிட்டார்கள். அப்புறம் வந்த வருடம் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரித்து, சங்கீதம் போல மாறி மாறி வாசித்தோம். பிதா சர்வவல்லவர், குமாரன் சர்வவல்லவர், பரிசுத்த ஆவியும் சர்வவல்லவர். ஆகிலும் மூன்று சர்வவல்லவர்கள் அல்ல. அந்த 'அல்ல' வரும்போது சின்னப் பிள்ளைகளின் குரல்தான் உரக்கக் கேட்டது.

இன்னொன்றைக் கவனியுங்கள். சபை முழுவதற்கும் பொதுவான விசுவாசம் எது என்று சொல்ல வரும் இடத்தில், அறிவது என்றோ ஒப்புக்கொள்வது என்றோ அது சொல்லவில்லை. திரித்துவத்தில் ஒரே தேவனை வணங்குவது என்கிறது. அதனால்தான் இதை வகுப்பறைக்கு அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, மாமியைக் குத்திய வரி. அன்றைய சண்டை சபைக்கு உள்ளே நடந்தது. குமாரன் பிதாவைவிடக் குறைந்தவர் என்றவர்களும் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொன்னார்கள். சைவர் யாரும் அந்த வழக்கில் இல்லை. இருந்தும் வரி 'எவனும்' என்றுதான் இருக்கிறது, அதை மழுப்ப மாட்டேன். கடைசியில் இன்னொரு முள்ளும் உண்டு: நன்மை செய்தவர்கள் நித்திய ஜீவனுக்குப் போவார்கள் என்கிறது. விசுவாசத்தினாலே மட்டும் இரட்சிப்பு என்று சொல்லும் லூத்தரன்காரர் நாம் அதைக் கடக்கும்போது கொஞ்சம் தடுக்கி விழ வேண்டாமா? நற்கிரியை விசுவாசத்தின் கனி என்று சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்தில் விளக்கட்டும். விளக்க நேரமில்லை என்றால் அந்த வருடம் வாசிக்கவே வேண்டாம். இரண்டு முனையையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் வாசிப்பது எனக்குப் பிடிக்காது.

மாமியிடம் நீங்களே கதையுங்கள். "அது சும்மா பழைய வாசகம், மாமி" என்று சமாளிக்க வேண்டாம். தன் தெய்வத்தைத் துணிந்து பாடும் பதிகங்களோடு வளர்ந்தவர், உறுதியான பேச்சு அவருக்குப் புதிதாக இருக்காது. அடுத்த முறை வந்தால், தாளை முதல் நாளே வீட்டில் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.