படுக்கை வாங்கும் முன் ஏழு இரவுகள்

கேள்வி: எங்கள் வீடு மன்னார்குடிக்கு அருகே, வயலை ஒட்டி இருக்கிறது. ஒன்பது வயது நாட்டு நாய் ஒன்று வளர்க்கிறோம். எடை 15 கிலோ. இரண்டு மாதமாக இரவில் படுக்கிறது, எழுகிறது, திண்ணைக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கும் என்ற விளம்பரத்தை நம்பி, 3,800 ரூபாய்க்குப் புசுபுசுவென்ற வட்டப் படுக்கை ஒன்றைக் கடையில் வாங்கினேன். ஒரே வாரத்தில் பஞ்சு ஒரு பக்கமாகத் திரண்டு, தையலும் பிரிந்துவிட்டது. விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று பில்லிலேயே அச்சிட்டிருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். அடுத்ததாக மூட்டு வலிக்கென்று விற்கும் ‘ஆர்த்தோபீடிக்’ படுக்கையும், மனத்தை அமைதிப்படுத்தும் சொட்டு மருந்தும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அம்மா, இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம்.

நாய் நம்மைப் போல் ஒரே மூச்சாக விடியும்வரை தூங்காது. கால் மணி நேரம், இருபது நிமிடம் கண்ணயரும், விழித்துக் காதைத் தூக்கிக் கேட்கும், மறுபடி சுருண்டுகொள்ளும். நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் அது தூங்குவதெல்லாம் இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்வதுதான். வயலோரத்து வீட்டில் பெருச்சாளி ஓடினாலும், அறுவடை இயந்திரம் ராத்திரியில் இறங்கினாலும் எழத்தான் செய்யும். படுக்கும் முன் சுற்றி வருவது, மண்ணைப் பறிப்பது, தூக்கத்தில் கால் துடிப்பது எல்லாம் இயல்பு. ஆனால் ‘இரண்டு மாதமாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கவலை தருகிறது. வயதான நாயிடம் புதிதாக ஒரு மாற்றம் வந்தால் உடம்பில் காரணம் தேட வேண்டும்.

இன்றைக்கே ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்காருங்கள். காது மடலின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்குகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கள் வீட்டு நாய் மூன்று வாரம் இரவெல்லாம் அலைந்தபோது நானும் சாக்கு மாற்றினேன், இடம் மாற்றினேன். கடைசியில் முன்னங்கால் விரல்களை விரித்துப் பார்த்தால், ரத்தம் குடித்து ஆமணக்கு விதை அளவுக்கு உப்பிய உண்ணிகள் இரண்டு, கடுகளவில் ஏழெட்டு. அன்று எனக்கு வந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. உண்ணி சுவர் விரிசலில் ஒளிந்து முட்டையிடும் என்பதால், நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. அது படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். ஈறு வெளுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

உண்ணி இல்லையென்றால், ஏழு இரவு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எத்தனை மணிக்கு எழுந்தது, எழுந்து எங்கே போனது என்று எழுதினால் போதும். தண்ணீருக்குத்தான் அடிக்கடி போகிறது என்றால், காலையில் லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தைக் கழித்துப் பாருங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது உங்கள் நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் சோதிக்க வேண்டும். அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அது தொடர்ந்து 30க்கு மேல் போனால் இதயம் சிரமப்படுகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும். பின்னங்காலை ஊன்றி எழத் திணறினால் மூட்டு வலியாக இருக்கலாம். பகலெல்லாம் தூங்கி, இரவில் மூலையில் போய் நின்று திரும்பத் தெரியாமல் விழித்தால், முதுமையில் மூளை தளர்வதாக இருக்கலாம்.

நோட்டோடு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். பெரிய சோதனை தேவைப்பட்டால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சொட்டு மருந்தையும் அந்த மருத்துவர் லேபிளைப் படித்துச் சொன்ன பிறகு வாங்கலாம். நம் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ வலிக்காகக் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்தாகும்.

மூட்டு வலிதான் என்று தெரிந்தால் நல்ல படுக்கை உண்மையிலேயே உதவும். அப்போதும் விளம்பரப் பெயரைப் பார்க்காமல் ஃபோமைப் பாருங்கள். முஷ்டியை வைத்து அழுத்தினால் தரை தட்டக் கூடாது. உறை ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கும்படி இருக்க வேண்டும். மெத்தைக் கடையில் கெட்டியான ஃபோம் துண்டு வெட்டி வாங்கி உறை தைத்துக்கொள்வதும் நல்ல வழி. ரோமம் வைத்த படுக்கை நம் ஊர் வெக்கைக்கு ஆகாது. ஐப்பசி அடைமழையில் காயவும் காயாது.

இனி உங்கள் 3,800 ரூபாய். பில்லில் எதை அச்சிட்டிருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் கடைக்காரர் திருப்பித் தர வேண்டும். பிரிந்த தையலைப் படம் எடுத்து, பில் நகலுடன் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. படுக்கையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

கேள்வி: கும்பகோணத்தில் 40 நாள் குட்டி ஒன்று வாங்கினேன். இரவெல்லாம் அழுகிறது. தூங்க வைக்க ஒரு சிரப் கொடுக்கும்படி விற்றவர் சொல்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதை விதி தடுக்கிறது. விற்றவர் செய்ததே தவறு. குட்டி தாயையும் கூடப் பிறந்தவற்றையும் தேடி அழுகிறது. முடிந்தால் எட்டு வாரம் நிறையும்வரை தாயிடமே திரும்ப விட்டுவிட்டு வாருங்கள். முடியாவிட்டால், ஓர் அட்டைப் பெட்டியை உங்கள் கட்டிலை ஒட்டி வைத்து, பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் நிரப்பித் துணி சுற்றி உள்ளே வையுங்கள். நள்ளிரவில் ஒருமுறை வெளியே தூக்கிச் சென்று சிறுநீர் கழிக்க விடுங்கள். அழும்போது கையைப் பெட்டிக்குள் தொங்க விட்டால், விரலை முகர்ந்தபடியே உறங்கிவிடும்.