உடம்பு இளைக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்

கேள்வி: என் மகள் காட்பாடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சாப்பிட்டு எழுந்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். வெளியே வர வெகுநேரம் ஆகிறது. இரவில் டப்பா முறுக்கு மொத்தமும் காணாமல் போகிறது. கேட்டால் எரிந்து விழுகிறாள். ஆனால் உடம்பு இளைக்கவில்லை. திருஷ்டி என்று மாமியார் சுற்றிப் போடுகிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: சகோதரி, சுற்றிப் போடுவதில் மிளகாய் நெடியைத் தவிர வேறு கெடுதல் இல்லை. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். இது 'புலிமியா' என்ற உணவுக் கோளாறாக இருக்கலாம். கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது, பிறகு எடை கூடிவிடுமே என்று பயந்து விரலை விட்டு வாந்தி எடுப்பது என்று மாறி மாறி நடக்கும். எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. 1979இல் இதற்குப் பெயர் வைத்த ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர், பல் உரசி உரசி விரல் முட்டிகளில் தோல் காய்த்துப்போவதை அப்போதே குறித்திருக்கிறார். எல்லோருக்கும் அப்படி இருக்காது. காதுக்குக் கீழே கன்னம் வீங்குவதும் பல் கூசுவதும்கூட அடையாளங்கள்தான்.

எத்தனை இட்லி என்று எண்ணாதீர்கள். கதவுக்கு வெளியே காவல் நிற்காதீர்கள். மாமியார் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து, "சாப்பிட்ட பிறகு கஷ்டப்படுகிறாயே கண்ணு, டாக்டரைப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேளுங்கள். மறுத்தால் சில நாள் விட்டு மறுபடியும் கேளுங்கள். கல்யாண வீட்டில் "பெண் பூசினாற்போல் ஆகிவிட்டாளே" என்று தொடங்கும் உறவினரின் வாயை அடைப்பது உங்கள் வேலை, அவளுடையதல்ல.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயம் என்றதும் ஊர் என்ன பேசுமோ என்று தயங்குவீர்கள். ஊரா வந்து உங்கள் பெண்ணைப் பார்த்துக்கொள்ளப் போகிறது? அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். பேச்சுச் சிகிச்சையில் பலருக்கு இது நன்றாகவே குணமாகிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். முதலில் பேசிப் பார்க்க நினைத்தால் 14416 என்ற அரசு எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும். மயக்கம், படபடப்பு, வாந்தியில் ரத்தம் என்று எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதெல்லாம் இல்லாவிட்டாலும், முதல் முறை போகும்போதே பொட்டாசியம் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.