மாமா தோட்டத்து பாக்டீரியாவுக்கு பேட்டன்ட் கிடைக்குமா?

களியக்காவிளையிலிருந்து எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்ப மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். பாறசாலையில் அவருடைய மாமாவின் ஏத்தன் வாழைத் தோட்டத்தில் சில மூடுகளுக்கு மட்டும் வாடல் நோய் வருவதில்லை. அந்த மண்ணை அள்ளி மற்ற மூடுகளில் போடுவது மாமாவின் வழக்கம். அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா நோய்ப் பூஞ்சையைத் தடுக்கிறது. அடுத்த மாதம் கருத்தரங்கில் போஸ்டர் வைக்கிறார். "பேட்டன்ட் எடுக்கலாமா? மண் கேரளா, கல்லூரி தமிழ்நாடு. எங்கே விண்ணப்பிப்பது?" என்பது அவர் கேள்வி.

எங்கே என்பது எளிது. பேட்டன்ட் மத்தியச் சட்டம். இரண்டு மாநிலத்துக்கும் சென்னை பேட்டன்ட் அலுவலகம்தான். ஆனால் மண் எந்த ஊரில் எடுத்தது என்பதை விண்ணப்பத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். பாறசாலை என்றே எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தட்டில் பஞ்சு போலப் படர்ந்து வந்த பூஞ்சை, உங்கள் பாக்டீரியாக் கோட்டுக்கு ஒரு விரல் தள்ளியே நின்றுவிட்டது. மனசு நிறைந்தது. ஆனால் இந்தப் படம் போஸ்டரில் ஏறிவிட்டால் அது ஊரறிந்த விஷயம், பேட்டன்டுக்கு வேண்டிய புதுமை போய்விடும். அறிஞர் அவையில் வாசித்த கட்டுரைக்கு நம் சட்டம் 12 மாதச் சலுகை தருகிறது என்றாலும், அதை நம்பி இறங்காதீர்கள்.

அடுத்தது பாக்டீரியா. கண்டெடுத்தது வேறு, உருவாக்கியது வேறு என்று அரசு கோடு கிழித்திருக்கிறது. இயற்கையில் இருக்கும் உயிரைக் கண்டறிந்தால் மட்டும் பேட்டன்ட் இல்லை என்கிறது பிரிவு 3(சி). பிரிவு 3(ஜே) தாவரம், விலங்கு, விதைகளை விலக்கி, நுண்ணுயிருக்கு மட்டும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆக, மண்ணில் இருந்தபடியே உள்ள பாக்டீரியாவைக் கேட்டால் மறுத்துவிடுவார்கள். அதை வைத்து நீங்கள் தயாரித்த கலவையைக் கேளுங்கள்: பாக்டீரியாவைச் சுமக்கும் தாங்குபொருள் என்ன, அதில் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது, சேர்மானம் தனித்தனிப் பொருள்களைவிட எவ்வளவு கூடுதலாக வேலை செய்கிறது. இந்த அளவீடுகள் கையில் இருந்தால்தான் வெறும் கலப்பு என்று தள்ளமாட்டார்கள். சாகுபடி முறை என்று எழுதினாலும் நிற்காது.

இந்தக் கோடுகள் நாட்டின் போக்கையே மாற்றியவை. 1970 பேட்டன்ட் சட்டம் மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும் பேட்டன்ட் தந்தது, மருந்துக்கே தரவில்லை. ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது அந்தக் காலத்தில்தான். 2005-ல் பொருளுக்கும் பேட்டன்ட் வந்தது. அப்புறம் 2012-ல், உயிர்த்தொழில்நுட்பத் தொழில்முயற்சிகளுக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக் வந்தது. அதன் 'பிக்' திட்டம் ஆரம்பநிலை யோசனைக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது; பின்னாளில் உங்களுக்கும் அது உதவும்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பெரிது. உங்கள் ஊருக்கு மேலேயுள்ள அகத்திய மலையில் 1987-ல் காணிக்காரப் பழங்குடியினர் விஞ்ஞானிகளுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். பாலோடு தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. உரிமத்தில் வந்த பணத்தில் பாதி காணிக்காரர் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. உயிர் வளங்களின் பயனைப் பங்கிடச் சொல்லும் பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002-ல்தான், அதற்கு முன்பே நடந்தது இது. பரம்பரை அறிவுக்கு பேட்டன்ட் இல்லை என்பதால், மண் மாற்றும் வழக்கத்தை உங்கள் கண்டுபிடிப்பாகக் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. மாமாவின் வழக்கத்தை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். வருமானம் வந்தால் அவர் பங்கு எவ்வளவு என்பதைக் கல்லூரியோடு இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அந்தப் பல்லுயிர்ச் சட்டப்படி, சென்னை தரமணியிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில், பேட்டன்ட் கைக்கு வருவதற்குள் பதிவு செய்ய வேண்டும். பாக்டீரியாவை, நுண்ணுயிர்களைச் சேமித்து வைக்கும் சண்டிகர் எம்டிசிசி அல்லது புனே மையத்தில் ஒப்படைத்து எண் வாங்குவதற்கோ விண்ணப்ப நாள்தான் கெடு. அதற்கு நாள் பிடிக்கும், இன்றே எழுதிப் போடுங்கள். தற்காலிக விண்ணப்பத்தை ஆன்லைனில் போட உங்களைப் போன்றவர்களுக்கு 1,600 ரூபாய். முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் உண்டு. ஒன்று மட்டும்: பேட்டன்ட் விற்பனை அனுமதி ஆகாது. உயிரியல் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லிகளுக்கு 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப் பதிவு தனி.

கருத்தரங்கை விட வேண்டாம். விண்ணப்ப எண் கைக்கு வந்ததும் போஸ்டரைத் தாராளமாக வையுங்கள், அந்தத் தட்டின் படத்தோடு.