லண்டனில் ஃபிளாட், சிங்கப்பூரில் கம்பெனி: யார் பெயரைக் காட்டுவது?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் வசிக்கும் உடன்பிறப்புகள் நான்கு பேர். 2014-இல் எங்கள் கம்பெனி பெயரில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். ஆளுக்குச் சரியாக 25 சதவீதப் பங்கு. இப்போது விற்கப் போனால், வாங்குபவரின் வக்கீல் 'ஓஇ எண்' கேட்கிறார். யாருக்கும் 25 சதவீதத்துக்கு மேல் இல்லாததால் எங்களுக்கு இந்தப் பதிவே தேவையில்லை என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: நண்பர் சட்டத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறார். பதிவு செய்ய வேண்டியது கம்பெனி. உங்களில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அப்புறம் வரும் விஷயம். 2022-ஆம் ஆண்டின் பொருளாதாரக் குற்றச் சட்டப்படி, 1999 ஜனவரி 1-க்குப் பிறகு இங்கிலாந்திலோ வேல்ஸிலோ சொத்து வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனிகள் எல்லாம் அங்குள்ள கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசுக் கம்பெனிப் பதிவகத்தில் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால் கிடைப்பதுதான் அந்த 'ஓஇ' (வெளிநாட்டு நிறுவன) எண். அது இல்லாமல் வாங்குபவர் தன் பெயருக்குப் பத்திரத்தை மாற்றிக்கொள்ள முடியாது. அவருடைய வக்கீல் பிடிவாதம் பிடிப்பதில் தப்பே இல்லை.

25 சதவீதக் கணக்கில் மட்டும் நண்பர் சொல்வது சரி. பதியும்போது, கம்பெனியை உண்மையில் கையில் வைத்திருப்பவரை 'உண்மை உரிமையாளர்' என்று காட்ட வேண்டும்; பங்கை வைத்து அப்படிக் காட்ட 25 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். சரியாக 25 என்றால் போதாது. அப்படி ஒருவரும் இல்லையென்றால் டைரக்டர்களின் விவரங்களைக் கொடுக்க வேண்டும். ஆனால் குடும்பக் கம்பெனிகளில் இது அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. ஓட்டுரிமையை நான்கு பேரும் சேர்ந்து ஒரே மாதிரிதான் பயன்படுத்துவது என்று முன்பே பேசி வைத்திருந்தால், ஒவ்வொருவரிடமும் மொத்தப் பங்கும் இருப்பதாகவே சட்டம் பார்க்கும். அதை எழுதி வைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதேபோல, பணம் அப்பாவுடையது, பங்கு மட்டும் பிள்ளைகள் பெயரில், முடிவெல்லாம் அவருடையது என்றால் அப்பாவைத்தான் காட்ட வேண்டும். நம் வீடுகளில் இது சகஜம் என்பதால் சொல்கிறேன். மறைத்துத் தவறான தகவல் கொடுப்பது குற்றம்.

ஏற்கெனவே சொத்து வைத்திருந்தவர்களுக்குக் கெடு 2023 ஜனவரி 31-உடன் முடிந்துவிட்டது. அபராதம் வரலாம். அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், தாமதமாகவும் பதியலாம். விவரங்களைப் பிரிட்டனில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஒரு வக்கீலோ கணக்காளரோ சரிபார்த்துத் தர வேண்டும்; சிங்கப்பூர் ஆடிட்டர் கையெழுத்து செல்லாது. பெயர், நாட்டுரிமை, பிறந்த மாதம், வருடம் எல்லாம் பொதுவில் தெரியும். வீட்டு முகவரி தெரியாது, தொடர்பு முகவரி ஒன்று கொடுத்தால் போதும்.

ஃபிளாட்டின் மதிப்பு 5 லட்சம் பவுண்டைத் தாண்டினால், கம்பெனி பெயரில் உள்ள வீடுகளுக்கான ஆண்டு வரி தனியாக உண்டு. வாடகைக்கு விட்டிருந்தால் விலக்கு கிடைக்கும், ஆனாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதையும் கணக்காளரிடம் கேளுங்கள்.

எண் வாங்கியதோடு வேலை முடியாது. ஆண்டுதோறும் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும்; தவறினால் நாளுக்கு 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விற்று முடித்ததும் பதிவேட்டிலிருந்து கம்பெனியை நீக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். நீக்கும்வரை, கையில் சொத்தே இல்லாவிட்டாலும் அந்த ஆண்டுப் புதுப்பிப்பு உங்கள் தலையில்தான்.