அம்மாவிடம் மறைக்கலாமா? புற்றுநோய் குறித்து வாசகர்கள் கேட்டவை

அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். ‘அல்சர்’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் இடிந்துபோய்விடுவார். மறைப்பது தவறா?

உங்கள் பயம் புரிகிறது. என் அறைக்கு வரும் பிள்ளைகள் பலர் கதவைச் சாத்திவிட்டு முதலில் கேட்பதே, “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்” என்பதுதான். ஆனால் கீமோ வார்டில் பக்கத்துக் கட்டில்காரருக்கு முடி கொட்டியிருப்பதை அம்மா பார்க்கிறார். நீங்கள் வராந்தாவில் குசுகுசுவென்று பேசுவதையும் பார்க்கிறார்.

ஒரு பாட்டி, மகன் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ன நோவுன்னு எனக்குத் தெரியும் தம்பி. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம், தாங்கமாட்டான். பேத்திகளுக்கு நகையப் பிரிச்சுக் கொடுக்கணும். எத்தன நாள் இருக்கு?” ஒரே வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் தனியாக அழுதுகொண்டிருந்தார்கள்.

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். “உங்க உடம்பப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?” என்று மருத்துவரையே கேட்கச் சொல்லுங்கள். “எல்லாம் என் பையன்கிட்டயே பேசிக்கோங்க” என்று அம்மா சொன்னால் சரி, அது அவர் எடுத்த முடிவு. கேட்காமலே நாம் முடிவெடுப்பதுதான் தவறு. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. மயக்க மருந்தில் இருந்த, வயது வந்த மகளின் அறுவை சிகிச்சைக்குத் தாய் கொடுத்த சம்மதமே செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நினைவோடு இருக்கும் அம்மாவுக்காக மகன் கையெழுத்துப் போட முடியாது.

புது மருந்து ஆய்வில் சேர்ந்தால் அப்பாவுக்கு மருந்து இலவசம் என்கிறார்கள். அவரைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களா?

ஆய்வு என்றாலே ஏமாற்று வேலை இல்லை. இன்று நாம் கொடுக்கும் ஒவ்வொரு மருந்தும் யாரோ ஒரு நோயாளி ஆய்வில் சேர்ந்ததால் வந்ததுதான். 2019-ல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் படியுங்கள். அவசரப்படுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள். “பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா?” என்று கேளுங்கள். தொடர வேண்டும், அது அப்பாவின் உரிமை.

ஆய்வில் ஒரு பிரிவினருக்கு மட்டும் பரிசோதனை செய்து, மற்றவர்களை விட்டுவிடுவது நியாயமா?

அப்படியொரு ஆய்வு நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நடந்தது. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, புற்றுநோயாக மாறக்கூடிய இடம் வெளுத்துத் தெரிவதைச் செவிலியரே கண்டுபிடிக்கும் எளிய முறை. 2000 முதல் 2003 வரை 57 பகுதிகளின் பெண்களுக்கு இதைச் செய்தார்கள். இன்னொரு 57 பகுதிகளில் வழக்கமான கவனிப்பு மட்டும். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் மற்ற பகுதிகளைவிட 35 சதவீதம் குறைந்தது.

“அப்போது அந்தக் கிராமங்களில் எந்தப் பரிசோதனையுமே கிடையாது, யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை” என்பது இத்தகைய ஆய்வுகளை ஆதரிப்பவர்களின் வாதம். ஆனால் பாப் ஸ்மியர் (கருப்பை வாயின் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை) உயிர் காக்கும் என்பது அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரியும். இல்லாத ஊர் என்பதையே காரணமாக்கி, இல்லாமலே விடுவதை என் மனது ஏற்கவில்லை. அந்த 35 சதவீதத்துக்குப் பின்னால், கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள். இந்தக் கடனை அடைக்க ஒரே வழி, முடிவு தெரிந்ததும் முதலில் விடுபட்ட அந்தப் பகுதிகளின் பெண்களுக்கே பரிசோதனையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இன்று தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதே பரிசோதனை இலவசம். 30 வயது தாண்டிய பெண்கள் தயவுசெய்து போய் வாருங்கள்.

மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று பெரியப்பா தடுக்கிறார்.

மார்ஃபின் கடுமையான வலியைக் குறைக்கும் மருந்து. வலிக்கு அளந்து கொடுக்கும்போது அந்தப் பயம் தேவையில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து வாங்குங்கள். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதே, இந்த மருந்து நோயாளிகளுக்குத் தடையில்லாமல் கிடைக்கத்தான். ராத்திரி முழுக்க ஒருவர் முனகிக்கொண்டு கிடப்பதைக் கேட்டும் தராமல் இருப்பதுதான் கொடுமை. பெரியப்பாவை ஒருநாள் இரவு நோயாளியின் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள்.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று அப்பா இப்போதே எழுதி வைக்கலாமா?

தாராளமாக. 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். ஒரு நகலை மருத்துவரிடம் கொடுங்கள். அப்பா ஏன் அப்படி நினைக்கிறார் என்பதை, அவர் பேசத் தெம்போடு இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.