எடுத்து வந்த நாய்க்குட்டிய வேற வீட்டுக்குக் குடுக்குற வரைக்கும் எப்படிப் பாத்துக்கிறது?

கேள்வி: வணக்கம் டாக்டர் சார். குறிஞ்சிப்பாடி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல்லு, ரெண்டு கறவை மாடு, நாலு ஆடு, கொஞ்சம் நாட்டுக்கோழி இருக்கு. முந்தாநாள் மழையில ஆலப்பாக்கம் ரோட்டோரமா ஒரு பெட்டை நாய்க்குட்டி நனைஞ்சு கெடந்துச்சு, எம்பையன் தூக்கிட்டு வந்துட்டான். ரெண்டு மாசக் குட்டி மாதிரி இருக்கு. பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில இருக்குற எங்க நாத்தனார் பொண்ணு தான் வளர்க்குறேன்னு சொல்லுது, ஆனா அவங்க வீட்டுல வேலை நடக்குது, ஒரு ஒன்றரை மாசமாவது நாங்க தான் வெச்சிருக்கணும். மாட்டுப்பால் குடுத்தோம், பேதியா போகுது. மேலெல்லாம் உண்ணி. ஆட்டுக்கு ஊத்துற பூச்சி மருந்தையே கொஞ்சம் ஊத்தலாமா? கோழிய வேற துரத்துது. எப்போ குடுத்தா சரியா இருக்கும்னும் சொல்லுங்க.

பதில்: வணக்கம் அக்கா. முதல்ல உங்க பையனுக்கு என் பாராட்ட சொல்லிருங்க, அந்த மழையில விட்டிருந்தா அது ராத்திரி தாண்டியிருக்காது. எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்குங்க, இது உங்க வயக்காட்டுக்குக் காவலுக்கு வளர்க்குற நாய் இல்ல, லாஸ்பேட்டை வீட்டுக்குப் போகப்போற நாய். நாத்து விடுறப்பவே நடவு வயல நெனச்சுத் தானே விடுறோம், அதே மாதிரி சாப்பாடு, படுக்கை, பழக்கம் எல்லாமே அது போகப்போற வீட்ட நெனச்சு இப்பவே ஆரம்பிக்கணும்.

பேதிக்கு வர்றேன், அது தான் அவசரம். பால இன்னைக்கே நிறுத்துங்க. ரெண்டு மாசக் குட்டிக்குப் பாலே தேவையில்ல, பசும்பால்ல இருக்குற சர்க்கரை நெறைய குட்டிகளுக்கு செரிக்காது, அதனாலயே வயித்தால போகும். இப்போதைக்கு நல்லாக் குழைய வேகவெச்ச சோறு, கூட எலும்பில்லாத கோழிக்கறி வேகவெச்சுப் பிச்சுப் போட்டது, உப்பு காரம் மஞ்சள் எதுவும் வேணாம், கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு தடவையாக் குடுங்க. தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கட்டும், கடையில விக்கிற ஓஆர்எஸ் கரைச்சு அப்பப்போ நாலு ஸ்பூன் குடிக்க வைக்கலாம். பால நிறுத்துனா ஒன்னு ரெண்டு நாள்ல மலம் கெட்டியாயிரணும்.

ஆனா குட்டி சோந்து படுத்துக்கிட்டு, சாப்பாட்டப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, வாந்தியும் எடுத்து, பேதியில ரத்தமும் கெட்ட வாடையும் வந்துச்சுன்னா அது பால் பண்ற வேலை இல்ல, பார்வோங்குற வைரஸ் நோயா இருக்கலாம். அது வந்த குட்டி உடம்புல தண்ணி வத்தி ரெண்டு மூணு நாள்ல போயிரும். காலையில பாத்துக்கலாம்னு படுக்காம அன்னைக்கே தூக்கிட்டு ஓடுங்க, நேரத்தோட ட்ரிப்ஸ் ஏத்துனா பிழைக்க வாய்ப்பு நெறைய இருக்கு. இந்தக் கிருமி உங்களுக்கோ மாட்டுக்கோ ஆட்டுக்கோ ஒட்டாது, ஆனா தெரு நாய்ங்களுக்கு ஒட்டும், மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கெடக்கும். ஃபினாயில நம்பாதீங்க, பார்வோவுக்கு அது பத்தாது. தரையக் கழுவிட்டு ப்ளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணிய ஊத்தி பத்து நிமிஷம் விட்டு அலசி, காஞ்ச பிறகு குட்டிய விடுங்க.

அதனால தான் வந்த குட்டிய முதல் 14 நாள் தனியா வைக்கச் சொல்றது. உடம்புக்குள்ள நோய் ஏற்கனவே இருந்தா பெரும்பாலும் அந்த நாளுக்குள்ள வெளிய தெரிஞ்சிரும். மாட்டுக்கொட்டாய் வேணாம், திண்ணையில காத்து மழை அடிக்காத ஒரு மூலை போதும். கீழ பழைய புடவை, கோணி எதையாவது போடுங்க, ஆனா யூரியா வந்த சாக்கு, குருணை மருந்து வந்த சாக்கு மட்டும் வேணவே வேணாம் அக்கா, கழுவுனது தானேன்னு போடுறாங்க, பல்லு ஊறுற குட்டி அத நக்கும் கடிக்கும், உரம் வயித்துக்குள்ள போனா ஆபத்து.

அடுத்து வெறிநாய்க்கடி. குட்டி தானேன்னு யாரும் இதப் பெருசா எடுத்துக்க மாட்டேங்குறாங்க, எனக்கு ரொம்ப பயமா இருக்குற விஷயம் இது. அதோட தாய் எது, அத எந்த நாய் கடிச்சிருக்கு எதுவும் நமக்குத் தெரியாது. விளையாட்டாக் கடிச்சு பல்லு பதிஞ்சாலும் சரி, நகம் கீறுனாலும் சரி, கையில இருக்குற புண்ண நக்குனாலும் சரி, ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, மஞ்சள் சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க, நேரா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. அங்க தோல்ல போடுற ஊசி முதல் நாள், அப்புறம் 3, 7, 28ன்னு கணக்கு வெச்சு போடுவாங்க, ரெண்டு ஊசியோட விட்டுறக் கூடாது. தூக்கிட்டு வந்தப்போவே பையனுக்குக் கீறல் எதாவது பட்டுச்சான்னு இன்னைக்கு சாயங்காலம் கையக் காலப் பாருங்க. அம்மா திட்டுவாங்கன்னு பசங்க மறைச்சிருவாங்க, அதனால திட்டாமக் கேளுங்க.

ஆட்டு மருந்து விஷயம். வேணாம். சில பூச்சி மருந்து ஆட்டுக்கும் நாய்க்கும் பொதுவானது தான், ஆனா பாட்டில்ல இருக்குற வீரியம் ஆட்டோட எடைக்குக் கணக்குப் போட்டது, மூணு கிலோ கூட இல்லாத குட்டிக்கு கண்ணளவுல ஊத்துனா கூடிப்போயிரும். மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின்ங்குற பூச்சி மருந்து ஊசிய "ஒரு சொட்டு தானே"ன்னு போட்டு, குட்டி தள்ளாடி விழுந்து எங்கிட்ட தூக்கிட்டு வந்தவங்க இருக்காங்க. குடல்புழு கண்டிப்பா இருக்கும், ஏன்னா உருண்டைப் புழு தாய் வயித்துலயே குட்டிக்கு வந்துரும், தாய்ப்பால்லயும் வரும். வயிறு மட்டும் பானையாட்டம் இருந்து முதுகெலும்பு தெரிஞ்சா அது புழு தான். நாய்க்குட்டிக்குன்னே சிரப் இருக்கு, எடை போட்டு மூணு மாசம் வரைக்கும் 15 நாளுக்கு ஒருதரம், அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒருதரம். இந்தப் புழு முட்டை பிள்ளைங்க வயித்துக்கும் போகும், குட்டியத் தொட்டுட்டு கை கழுவாம சோத்துல கை வைக்க விடாதீங்க.

உண்ணிக்கும் மாட்டுமேல அடிக்கிற மருந்த அடிக்காதீங்க, மண்ணெண்ணெயும் தடவாதீங்க. இப்போதைக்கு காதுக்குள்ள, விரல் இடுக்குல, கழுத்துக்குக் கீழ தேடித் தேடி ட்வீசர்ல தோலோட ஒட்டிப் புடிச்சு நேரா இழுத்து சோப்புத் தண்ணியில போடுங்க, விரலால நசுக்க வேணாம். ஃபிப்ரோனில் ஸ்ப்ரே சின்னக் குட்டிக்கும் அடிக்கலாம், எவ்வளவுன்னு எடை பாத்து டாக்டர் சொல்லட்டும். ஈறு எப்படி இருக்குன்னும் பாருங்க, ரோஸ் நிறமா இல்லாம வெளுத்துக் கெடந்தா உண்ணியும் புழுவும் சேந்து ரத்தத்த உறிஞ்சிருச்சுன்னு அர்த்தம், தள்ளிப்போடாமக் காட்டணும்.

வாயத் திறந்தது தான் திறந்தீங்க, பல்லையும் எண்ணிப் பாருங்க. பால்பல்லு மொத்தம் 28. அத்தனையும் முளைச்சிருந்தா ஆறு எட்டு வாரம் ஆயிருச்சு, முன்பல்லு விழுந்து பெருசு முளைக்க ஆரம்பிச்சிருந்தா மூணு நாலு மாசம் ஆகியிருக்கும். ஊசிக் கணக்கு வயச வெச்சுத் தான், அதனால டாக்டர்கிட்ட போகும்போது இதையும் சொல்லுங்க.

ஊசி எப்படின்னா, பேதி நின்னு குட்டி தெம்பா இருக்கும்போது பார்வோ, டிஸ்டெம்பர்ங்குற இன்னொரு வைரஸ் நோய் எல்லாத்துக்கும் சேந்த ஊசி முதல் தடவை, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒருதரம், 16 வாரம் ஆகுற வரைக்கும். ஒன்னு போட்டாப் போதாதான்னு எல்லாரும் கேக்குறாங்க. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி உடம்புல மிச்சம் இருந்தா அது ஊசி மருந்தையே அடக்கிரும், அது எந்த வாரத்துல தீரும்னு குட்டிக்குக் குட்டி மாறும், அதனால தான் திரும்பத் திரும்பப் போடுறது. மூணு மாசம் முடிஞ்சதும் வெறிநாய்க்கடி ஊசி. மருந்துக் கடையில நீங்களே வாங்கிட்டுப் போறதா இருந்தா ஐஸ் வெச்ச ஃபிளாஸ்க்குல கொண்டுபோங்க, சட்டைப் பையில வெச்சு பஸ்ல போன ஊசி வெறும் தண்ணி தான். முதல்ல சொன்ன பார்வோ ஊசிய எலிக்காய்ச்சலுக்கும் சேந்து இருக்குறதாக் கேளுங்க, நம்ம நெல்லு வயல்ல எலி மூத்திரம் கலந்த தண்ணி இல்லாத எடம் ஏது.

சாப்பாடு, வயிறு சரியானதும் ஒரு நாளைக்கு நாலு வேளை, மூணு மாசத்துக்கு மேல மூணு வேளை. வெறும் பால்சோறு, ரசஞ்சோறு போட்டு வளர்த்தா எலும்பு வளையும் அக்கா, நாட்டு நாய் எதையும் தின்னு வளரும்ங்குறது பிழைச்சதுங்கள மட்டும் பாத்து சொல்ற பேச்சு. முட்டை, கறி, முள் இல்லாத மீன் இதுல எதாவது ஒன்னு தினம் சோத்தோட இருக்கணும், சுண்ணாம்புச் சத்துக்கு டாக்டர்கிட்டக் கேட்டு டானிக். முடிஞ்சா நாத்தனார் பொண்ணுக்கு இப்பவே போன் பண்ணி அங்க என்ன போடப்போறாங்கன்னு கேளுங்க, பாக்கெட் தீனின்னா அத இங்கயே ஒரு வாரத்துல கொஞ்சங் கொஞ்சமா கலந்து பழக்கிருங்க. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் வேணாம், வேகவெச்ச கோழி எலும்பும் வேணாம்.

உங்க காட்டுல எனக்குப் பெரிய பயம் எலி மருந்து. கருவாட்டுல கலந்து வரப்புல வைக்கிற பழக்கம் உங்க பக்கமும் இருக்கு, நீங்க வைக்கலன்னாலும் பக்கத்து வயல்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. குட்டி தின்னுருச்சோன்னு சந்தேகம் வந்தாலே உப்புத்தண்ணி, புளித்தண்ணி, எண்ணெய்னு எதையும் ஊத்தாம அந்த மருந்துப் பாக்கெட்டோட டாக்டர்கிட்டப் போங்க. மருந்து அடிச்ச வயல்ல விடாதீங்க. இன்னொன்னு மாட்டுக்காக சொல்றேன், மாடு கன்னு போட்டா நஞ்சுக்கொடிய நாய் திங்க விடாம ஆழமாப் பொதைங்க, குட்டியோட பீய வைக்கோல் போர் பக்கமோ தண்ணித்தொட்டி பக்கமோ விடாம அள்ளிருங்க. நாய் மலத்துல வர்ற நியோஸ்போரான்னு ஒரு ஒட்டுண்ணியால மாட்டுக்கு சினை கலையும்.

இப்போ பழக்கம். மூணு வாரத்துலேர்ந்து 14 வாரம் வரைக்கும் ஒரு குட்டி எதையெல்லாம் பயமில்லாமப் பாக்குதோ, கேக்குதோ அதையெல்லாம் ஆயுசுக்கும் சாதாரணமா எடுத்துக்கும், பாக்காதது எல்லாம் அப்புறம் பயமாயிரும், பயம் தான் பின்னாடி கடியா மாறுது. உங்க குட்டிக்கு ஏற்கனவே எட்டு வாரம் போயிருச்சு, மிச்சம் இருக்குற ஆறு வாரமும் உங்க கையில தான். அதுக்கு மாடு கத்துறதும் ட்ராக்டரும் தானாப் பழகிரும், ஆனா லாஸ்பேட்டையில இருக்கப்போறது டைல்ஸ் தரை, மாடிப்படி, காலிங் பெல், மிக்ஸி, ஹெல்மெட் போட்டுட்டு வர்ற கூரியர் பையன். மண்ணுலயே வளர்ந்த குட்டிங்க டைல்ஸ்ல காலு வழுக்கி மூலையில ஒடுங்கி நிக்கிறத நான் பாத்திருக்கேன், வாங்குனவங்க "இது மந்தமா இருக்கு"ன்னு திருப்பிக் கொண்டாந்து விட்டாங்க, பாவம் அதுக்குத் தரையே புதுசு. அதனால டைல்ஸ் போட்ட சொந்தக்காரங்க வீட்டுக்கு ஒரு நாள் தூக்கிட்டுப் போங்க, குக்கர் விசில் அடிக்கும்போது அடுப்படி வாசல்ல வெச்சு ஒரு கறித்துண்டு குடுங்க, வீட்டுக்காரர ஹெல்மெட் போட்டுக்கிட்டு கொஞ்சச் சொல்லுங்க. ஊசி முழுசா முடியாததால நாய்ங்க திரியிற எடத்துல கீழ விடாதீங்க, ஆனா வண்டியில மடியில வெச்சு கடைத்தெருப் பக்கம் கூட்டிட்டுப் போய் பஸ் சத்தத்தக் காட்டலாம். தினமும் காது, கால், வாய்னு தொட்டுத் தொட்டுப் பழக்குங்க. ராத்திரி பையனோட பாயிலயே படுக்க வைக்காதீங்க, பக்கத்துல தனியாத் துணியில படுக்கட்டும், இல்லன்னா புது வீட்டுல முதல் ராத்திரி பூரா கத்தும். எழுந்ததும், தின்னதும், விளையாடி முடிச்சதும் ஒரே எடத்துக்குக் கூட்டிட்டுப் போனா வெளிய போகப் பழகிக்கும். உள்ள இருந்துட்டா மூக்கப் புடிச்சு அதுலயே தேய்க்கிறாங்களே, அது பாவம் அக்கா, குட்டிக்கு எதுக்குன்னே புரியாது, ஒளிஞ்சு போறதுக்குத் தான் கத்துக்கும்.

கோழிய துரத்துறதுக்கு அடிக்காதீங்க. கோழி மேயுற நேரத்துல கழுத்துல மெல்லிசுக் கயிறு போட்டு உங்க பக்கத்துலயே வெச்சுக்குங்க, கோழியப் பாத்துட்டு உங்க பக்கம் திரும்புற நொடியில எதாவது திங்கக் குடுங்க. அதுக்காக பகல் பூரா தூணுல கட்டிப் போடாதீங்க, கட்டியே கெடக்குற குட்டி முரடாத் தான் வளரும்.

எப்போ குடுக்குறது? பாதிப்பேர் ரெண்டாவது வாரமே தள்ளி விட்டுடுறாங்க, மீதிப்பேர் ஆறு மாசம் வெச்சிருந்து அப்புறம் குடுக்குறாங்க, ரெண்டும் எனக்கு உடன்பாடு இல்ல. 14 நாள் நோய் இல்லாமக் கடந்து, மலம் கெட்டியாப் போய், ரெண்டு தவணை ஊசியும் வெறிநாய்க்கடி ஊசியும் போட்டு, தானாத் தின்னு தனியாத் தூங்குற குட்டி தயார். உங்களுக்கு அது குட்டிக்குக் கிட்டத்தட்ட 13, 14 வார வயசு ஆகும்போது வரும், நாத்தனார் பொண்ணு சொல்ற ஒன்றரை மாசக் கணக்குக்கும் சரியா இருக்கும், மூணாவது ஊசிய அங்க போட்டுக்கட்டும். லாஸ்பேட்டையிலேர்ந்து குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டத்துல தான், அங்கயே காட்டிக்கலாம்.

சொந்தக்காரப் பொண்ணு தானேன்னு கேக்காம விட்டுறாதீங்க. பகல்ல வீட்டுல யார் இருப்பாங்க, வாடகை வீடுன்னா ஓனர் சம்மதிச்சாரா, வீட்டுக்காரரும் மாமியாரும் சரின்னு சொன்னாங்களா, மொட்டை மாடியில கட்டிப் போடுற எண்ணமா, எல்லாம் வெளிப்படையாக் கேளுங்க. பெட்டைக்குட்டி, ஆறு மாசத்துல கருத்தடை ஆபரேஷன் பண்ணணும்னு வாக்கு வாங்கிக்குங்க. பிடிக்கலன்னா ரோட்டுல விடாம எங்ககிட்டயே கொண்டாங்கன்னும் சொல்லிருங்க, இந்த ஒரு வார்த்தை எத்தனையோ நாயக் காப்பாத்தியிருக்கு.

பையனுக்குக் கஷ்டமாத் தான் இருக்கும். முதல் நாள்லேர்ந்தே இது அக்கா வீட்டுக்குப் போற குட்டின்னு சொல்லிப் பழக்குங்க. ஊசித் தேதி, பூச்சி மருந்துத் தேதி, என்ன திங்குது, எதுக்கு பயப்படுதுன்னு ஒரு நோட்டுல அவனையே எழுத விடுங்க, குட்டியோட அந்த நோட்டையும் அவனே கையில குடுக்கட்டும். கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியிலேர்ந்து சாப்பாடு வேணாம், வண்டியில வாந்தி எடுக்கும். அது படுத்திருந்த துணியத் துவைக்காமக் கூடவே குடுத்து விடுங்க, அந்த வாசனையில தூங்கிரும்.

இப்போ பால நிறுத்திட்டு நாளைக்கு மலம் எப்படிப் போகுதுன்னு எனக்கு எழுதுங்க அக்கா. ரத்தம் தெரிஞ்சா எழுதிட்டு பதிலுக்குக் காத்திருக்க வேணாம், உடனே தூக்கிட்டுக் கிளம்பிருங்க.